வெட்டி வைத்த ரப்பர் தோட்டம்: ‘அபோகலிப்ஸ் நவ்’ நீண்ட வடிவத்தை நீலகிரியிலிருந்து பார்த்தால்

வியட்நாம் போர் பற்றிய படங்களில் ‘அபோகலிப்ஸ் நவ்’ அளவுக்குப் பேசப்பட்ட படங்கள் மிகக் குறைவு. ஆனால் 1979-ல் திரையரங்குக்கு வந்த வடிவத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி மிச்சமிருக்கும். இந்தப் போர் எதற்காக? ஒரு ரோந்துப் படகு ஆற்றை எதிர்த்துப் போகிறது. போகப் போகப் பைத்தியம் முற்றுகிறது. யாருடைய மண்ணில், யாருடைய சொத்துக்காக இத்தனை சாவு என்பதற்கு அந்த இரண்டரை மணி நேரத்தில் பதில் இல்லை. 2001-ல் இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்பலாவும் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச்சும் 49 நிமிடங்களைச் சேர்த்து ‘ரீடக்ஸ்’ என்ற நீண்ட வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். பதில் அதில் இருக்கிறது. ரப்பர் தோட்டத்து பங்களா ஒன்றின் சாப்பாட்டு மேசையில் அது கிடைக்கிறது. படத்தின் வேகத்தையே கெடுத்துவிட்டது, சுத்த இழுவை என்று பலர் ஒதுக்கிய காட்சியும் அதுதான். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வாழ்கிற எனக்கு அதுவே இந்தப் படத்தின் முதுகெலும்பாகத் தெரிகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ராணுவத்தின் கர்னல் கர்ட்ஸ் (மார்லன் பிராண்டோ) மேலிடத்துக்குக் கட்டுப்படாமல் கம்போடியக் காட்டுக்குள் தனி ராஜ்ஜியம் நடத்துகிறார். அவரைத் தீர்த்துக்கட்டும் உத்தரவோடு கேப்டன் வில்லார்டு (மார்ட்டின் ஷீன்) ஒரு சிறு படகில் அனுப்பப்படுகிறார். ஆப்பிரிக்காவின் காங்கோவை வைத்து ஜோசப் கான்ராட் 1899-ல் எழுதிய குறுநாவல்தான் அடிப்படை. திரைக்கதையாசிரியர் ஜான் மிலியஸ் அதை வியட்நாமுக்குக் கொண்டுவந்தார். அந்தக் குறுநாவலின் உயிர்நாடி யானைத்தந்த வியாபாரம். அங்கே தந்தம் இருந்த இடத்தில் இங்கே என்ன இருக்கிறது? 1979 வடிவத்தில் அந்த இடம் காலி. நீண்ட வடிவத்தில் ரப்பர் இருக்கிறது.

படப்பிடிப்பின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1976 மார்ச்சில் பிலிப்பைன்ஸில் தொடங்கியது. புயல் வந்து செட்டுகளை அடித்துப்போனது. ஷீனுக்கு மாரடைப்பு வந்தது. மார்கோஸ் அரசு வாடகைக்குத் தந்த ஹெலிகாப்டர்களை உள்நாட்டுக் கிளர்ச்சியாளர்களை அடக்கப் பாதியிலேயே திருப்பி அழைத்துக்கொண்டார்கள். 238 நாள் படம்பிடித்து முடித்தபோது 230 மணி நேரத்துக்கும் மேலான காட்சிகள் கையில் இருந்தன. அத்தனையிலிருந்து இரண்டரை மணி நேரத்தைப் பிரித்தெடுப்பது என்றால் ஒரு படத்துக்காகப் பல படங்களைப் புதைக்க வேண்டியிருக்கும். கொப்பலா தன் சொந்தச் சொத்தை அடமானம் வைத்து எடுத்த படம் வேறு. 1979-ல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் முடிவடையாத நிலையிலேயே திரையிட்டு, உயரிய விருதை ‘தி டின் டிரம்’ என்ற ஜெர்மன் படத்தோடு பகிர்ந்துகொண்டார். அப்போதே தோட்டக் காட்சி முழுதாக வெளியே போயிருந்தது.

அந்தக் காட்சியில் கொப்பலாவுக்கு அன்றைக்குத் திருப்தியில்லை. செட்டுக்கும் பிரெஞ்சு நடிகர்களுக்கும் செலவு எகிறியது. அதைவிட முக்கியமானது கதையின் ஓட்டம். படகுக்காரர்களில் ஒருவன் செத்துவிட்டான், கர்ட்ஸ் எங்கே என்று பார்வையாளர் தவிக்கிற நேரம். அந்த இடத்தில் ஒரு குடும்பம் உட்கார்ந்து அரசியல் பேசினால் யார் பொறுமையாக இருப்பார்கள்? அந்தக் கணக்கைக் குறை சொல்ல மாட்டேன். கைக்காசைப் போட்டுப் படம் எடுத்தவர் வேறு எப்படி முடிவெடுப்பார்? படம் எடுத்த கதையைச் சொல்லும் 1991 ஆவணப்படத்தில் அந்தக் காட்சியின் துண்டுகளை உலகம் முதலில் பார்த்தது. சிவப்பு ஒயின் எந்த வெப்பத்தில் பரிமாறப்பட வேண்டும் என்பதற்குக்கூடக் கொப்பலா அதில் மல்லுக்கட்டுகிறார். அந்த மேசையில் எதுவும் போலியாக இருக்கக் கூடாது என்று அவ்வளவு பிடிவாதம்.

2001-ல் மர்ச் பழைய படத்தின் நடுவே விட்டுப்போனதை ஒட்டவைக்கவில்லை. மூல நெகட்டிவுக்கே போய் முதலிலிருந்து தொகுத்தார். சேர்க்கப்பட்டவற்றில் சிலவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். ஹெலிகாப்டர் படைத் தளபதி கில்கோரின் (ராபர்ட் டுவால்) அலைச்சறுக்குப் பலகையை வில்லார்டு திருடிக்கொண்டு ஓடுவது கலகலப்பாக இருக்கிறது. ஆனால் வில்லார்டின் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்திவிடுகிறது. பிளேபாய் பத்திரிகை அழகிகளை இரண்டாம் முறை சந்தித்து டீசலுக்குப் பண்டமாற்று செய்யும் பகுதி இல்லாமலே இருந்திருக்கலாம். அந்தப் பெண்களை மதிப்பதா பயன்படுத்துவதா என்று படத்துக்கே தெரியவில்லை. கர்ட்ஸ் பகல் வெளிச்சத்தில் டைம் இதழைப் படித்துக்காட்டும் காட்சி வேறு ரகம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது தோட்டத்துக்குப் போகலாம். படகில் இருக்கிற சின்னப் பையன் கிளீன், அம்மா அனுப்பிய ஒலிநாடாவில் அவள் குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே குண்டடிபட்டுச் சாகிறான். 1979 வடிவத்தில் அவன் உடல் என்ன ஆயிற்று என்றே தெரியாது. நீண்ட வடிவத்தில் படகு மூடுபனிக்குள் நுழைகிறது. கரை தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து பிரெஞ்சுக் குரல்கள், பிறகு துப்பாக்கிகள், அதன் பிறகுதான் மனிதர்கள். கோத்தகிரியிலோ கொடநாட்டிலோ மேகம் இறங்கிய சாயங்காலத்தில் நடந்து பழகியவர்களுக்கு இந்த வரிசை தெரியும். முதலில் பேச்சுச் சத்தம் வரும், ஆள் கடைசியில்தான் வருவார். மர்ச்சின் ஒலியமைப்பு இதைத் துல்லியமாகப் பிடித்திருக்கிறது. கிளீனை அந்தத் தோட்டத்து மண்ணிலேயே மரியாதையோடு அடக்கம் செய்கிறார்கள். அமெரிக்கச் சிப்பாய்க்குப் பிரெஞ்சுக்காரர் எஸ்டேட்டில் குழி. பின்னால் வரும் பேச்சுக்கெல்லாம் அந்தக் குழி முன்னுரை.

அடுத்தது சாப்பாடு. தோட்டத்துக்காரர் ஹூபர்ட் டி மாரே (கிறிஸ்டியான் மார்க்கான்) தன் குடும்பத்தோடு வில்லார்டை உட்காரவைத்துப் பேசுகிறார். மாலை வெயில் பொன்னாகச் சரிந்து இருட்டாகும் வரை விட்டோரியோ ஸ்டோராரோவின் ஒளிப்பதிவு அந்த மேசையை விட்டு நகர்வதில்லை. தாத்தா காலத்தில் இங்கே ஒன்றுமில்லை, பிரேசிலிலிருந்து ரப்பரைக் கொண்டுவந்து நட்டோம், இங்கிருந்த மக்களை வேலைக்கு வைத்து ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றை உண்டாக்கினோம், அதனால் இது எங்களுடையது என்கிறார். நாங்கள் சண்டை போடுவது எங்கள் சொத்துக்காக, நீங்கள் சண்டை போடுவது சரித்திரத்திலேயே பெரிய சூன்யத்துக்காக என்று அமெரிக்கரைப் பார்த்துச் சீறுகிறார். மேசையில் ஒரு முட்டையை உடைத்தும் காட்டுகிறார்கள். வெள்ளை வழிந்து போய்விடும், மஞ்சள் தங்கிவிடும். வெள்ளைக்காரர்கள் ஒருநாள் போவார்கள், மண்ணின் மக்கள் இருப்பார்கள் என்பது அந்த வீட்டுக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அவர்கள் கிளம்பவில்லை.

படத்தின் அமைப்பில் இந்தக் காட்சி செய்யும் வேலை பெரிது. ஆற்றில் மேலே போகப் போகக் காலத்தில் பின்னே போகிறோம் என்பது கொப்பலாவின் திட்டம். கில்கோர் குதிரைப்படைத் தொப்பியும் ஊதுகொம்புமாக 19-ஆம் நூற்றாண்டின் நிழல். பிரெஞ்சுத் தோட்டம் 1950-களின் நிழல். அதற்கப்பால் கர்ட்ஸின் கோட்டை, வரலாற்றுக்கும் முந்தையது போன்ற இருட்டு. நடுவில் இருக்கும் தோட்டத்தை எடுத்துவிட்டால் அமெரிக்கர்கள் காலியான காட்டுக்குள் முதன்முதலாக நுழைந்தவர்கள் மாதிரி ஆகிவிடுகிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு துரை வந்து, மரம் நட்டு, தோற்று, போக மறுத்து உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரிந்தால்தான் கர்ட்ஸ் யாருடைய வாரிசு என்பது புரியும்.

அந்தத் தோல்வி, 1954 மே 7-ல் பிரெஞ்சுக்காரர்களின் தியன் பியன் பூ கோட்டை வியட்நாம் விடுதலைக்குப் போரிட்ட வியட் மின் படையிடம் விழுந்த தோல்வி. தமிழர்களுக்கு அது எங்கோ நடந்த சங்கதி இல்லை. பிரெஞ்சு இந்தோசீனாவின் சைகோனில் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்தார்கள். புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் அரசாங்க வேலையில் இருந்தார்கள். அங்கே மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. தியன் பியன் பூ விழுந்த அதே ஆண்டு நவம்பர் 1-ல் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஒரே சாம்ராஜ்யம் ஒரே வருடத்தில் இரண்டு கரைகளில் மூட்டை கட்டியது. ஹூபர்ட் தான் தோற்ற ஊர்களை வரிசையாகச் சொல்லும்போது புதுச்சேரி அந்தப் பட்டியலில் இல்லை. துப்பாக்கிச் சூடு இல்லாமல் கைமாறிய ஊர் அவருக்கு நினைவில் நிற்கவில்லை போலும்.

இந்தக் காட்சியைக் கோத்தகிரியில் தெரிந்தவர் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த வீட்டுப் பாட்டியும் வந்து உட்கார்ந்தார். இலங்கையின் அட்டன் பக்கத்திலிருந்து சிறு பெண்ணாக வந்தவர். தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். மொழி புரியாமலே கவனமாகப் பார்த்தார். சாப்பாட்டுக் காட்சி முடிந்ததும், “ஏன் தம்பி, இவ்வளவு பெரிய பங்களாவக் காட்டுறான், லயத்தக் காட்டவே இல்லையே?” என்று கேட்டார். “பால்மரம் தானா வெட்டிக்குமா?”

இந்தக் காட்சியைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்திலும் இந்தக் கேள்வி இல்லை. ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றை உண்டாக்கினோம் என்று ஹூபர்ட் சொல்லும்போது அந்த ‘உண்டாக்கியது’ யார் கை? காவலுக்குத் துப்பாக்கி பிடித்தவர்கள் தெரிகிறார்கள். பால் வெட்டுகிற ஓர் ஆளின் குரல் இல்லை. பங்களா மேட்டில் இருக்கும், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் பள்ளத்தில் இருக்கும், இரண்டுக்கும் நடுவே கங்காணி இருப்பார். நீலகிரியிலும் வால்பாறையிலும் அட்டனிலும் மலாயாவிலும் தோட்டம் என்றால் இந்த அமைப்புதான். இந்தோசீனாவிலும் இதுவே. ரப்பர் அங்கே 1897-ல் வந்தது. பிறகு வடக்கே டோங்கின் பகுதியின் ஏழைக் கிராமங்களிலிருந்து ஒப்பந்தம் போட்டுக் கூலிகளைத் தெற்கே சிவப்பு மண் காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மலேரியாவும் மேஸ்திரியின் அடியும் எத்தனையோ பேரைக் கொண்டுபோயின. ஆள்பிடிக்கும் தரகரான பாசேன் என்ற பிரெஞ்சுக்காரர் 1929 பிப்ரவரியில் ஹனோயில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறு ஆண்டு பிப்ரவரியில் மிச்செலின் நிறுவனத்தின் பூ ரியெங் தோட்டத்தில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து தோட்டத்தையே சில நாள் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். வியட்நாமின் கம்யூனிஸ்ட் இயக்க வரலாற்றில் அது பெரிய நாள். ஹூபர்ட், அமெரிக்கப் படையை எதிர்த்துப் போரிட்ட வியட்காங் என்பதே அமெரிக்கர்கள் உண்டாக்கியது என்று மேசையில் அடித்துச் சொல்கிறார். அந்த எதிர்ப்பின் ஒரு வேர் அவர் பங்களாவுக்குக் கீழே இருந்த லயத்தில் முளைத்தது. அமெரிக்கா வருவதற்கு 30 ஆண்டுகளுக்கு மேலாக முன்பே முளைத்தது.

ஆக, நீண்ட வடிவம் பாதி உண்மையை மீட்டுக்கொடுக்கிறது. போருக்கு அடியில் தோட்டம் இருந்ததைச் சொல்லிவிடுகிறது. தோட்டத்துக்கு அடியில் யார் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடுகிறது. 49 நிமிடத்துக்கு பதில் 100 நிமிடம் சேர்த்திருந்தாலும் அது வந்திருக்காது. எடுத்தால்தானே சேர்ப்பதற்கு? பாட்டியைப் போன்றவர்கள் இந்த மலைக்கு வந்ததும் இப்படி மேசையில் முடிவான கதைதான். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இலங்கையிலிருந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று எண்ணிக்கையில் தீர்த்தது. அவர்களில் பலருக்கு வேலை தருவதற்காக 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் பின்னால் டான்டீ ஆனது. அந்த ஒப்பந்த மேசையிலும் லயத்திலிருந்து யாரும் உட்காரவில்லை. நீலகிரியின் தொடக்ககாலத் தோட்டங்களைப் பார்த்தாலும் இதே கதை. நடுவட்டத்தில் சின்கோனா மரம் வளர்க்கச் சீனக் கைதிகளைச் சிறைவைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பட்டையிலிருந்து எடுத்த குயினைன்தான் வெப்பநாடுகளில் வெள்ளைக்காரத் துருப்புகளை மலேரியாவிலிருந்து காப்பாற்றியது. படைக்கும் தோட்டத்துக்கும் உறவு அவ்வளவு பழையது.

சாப்பாடு முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகு ஒரு பகுதி வருகிறது. அதை வெறும் காதல் காட்சி என்று தள்ளுவது அநியாயம். கணவனை இழந்த ரொக்ஸான் (ஓரோர் கிளெமான்) வில்லார்டுக்கு அபின் குழாயைத் தயார் செய்துகொண்டே தன் கணவனைப் பற்றிப் பேசுகிறாள். போரிலிருந்து வந்த அவன் கொதிப்பான், அழுவான். உனக்குள் கொல்கிறவன் ஒருவன், நேசிக்கிறவன் ஒருவன் என்று இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று அவனிடம் சொன்னதை நினைவுகூர்கிறாள். படத்தின் தொடக்கத்தில் சைகோன் ஓட்டல் அறையில் வில்லார்டு உடைந்துபோவதை நாம் பார்த்திருக்கிறோம். அதை எடுத்தபோது ஷீன் உண்மையாகவே குடித்திருந்தார், கண்ணாடியைக் குத்திக் கையையும் உண்மையாகவே கிழித்துக்கொண்டார். அந்த நோய்க்குப் பெயர் சொல்லக்கூடிய ஒரே மனிதர் மூன்று மணி நேரப் படத்தில் இந்தப் பெண்தான். 1979 வடிவத்தில் அவளும் இல்லை.

இங்கே நீலகிரிக்காரர்கள் நினைத்துப் பார்க்க வேண்டிய ஒருவர் உண்டு. தோடர்களைப் பற்றி 1901-02-ல் இங்கே தங்கி ஆய்வு செய்து 1906-ல் பெரிய நூலை வெளியிட்ட டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். மானிடவியலாளராக நம் மலைக்கு அவரைத் தெரியும். அவர் மருத்துவரும்கூட. முதல் உலகப் போரில் மனம் உடைந்த அதிகாரிகளுக்கு ஸ்காட்லாந்தின் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் சிகிச்சை கொடுத்தார். கவிஞர் சிக்ஃபிரிட் சசூன் 1917-ல் அவரிடம் நோயாளியாக இருந்தார். மின்சார அதிர்ச்சி கொடுத்துச் சிப்பாய்களைத் திரும்பப் போர்முனைக்கு விரட்டிய மருத்துவர்கள் இருந்த காலத்தில் ரிவர்ஸ் அவர்களைப் பேசவைத்தார், உட்கார்ந்து கேட்டார். ரொக்ஸான் செய்வதும் அதுதான்.

ரிவர்ஸைச் சொன்னதும் எருமை நினைவுக்கு வருகிறது. படத்தின் முடிவில் கர்ட்ஸ் வெட்டப்படுவதும் எருமை வெட்டப்படுவதும் மாறி மாறி வருகின்றன. அது பிலிப்பைன்ஸின் இஃபுகாவ் மக்கள் தங்கள் சடங்காக நிஜமாகவே செய்த பலி. அவர்களையே வியட்நாம் மலைவாசிகளாக நடிக்கவும் வைத்தார்கள். அவர்களுக்குப் படத்தில் பெயரில்லை, பேச்சில்லை. இறந்தவரோடு எருமையை அனுப்பிவைக்கும் வழக்கம் இருந்த தோடர்களின் மலையில் வாழ்பவர்களுக்கு இது வெறும் பயங்கரக் காட்சியாகத் தெரியாது. எருமையை எந்தப் பாட்டோடு, எந்த உறவுமுறையில் யார் கொண்டுவருவது என்ற ஒழுங்கு அதற்குப் பின்னால் இருக்கும். அந்த ஒழுங்கைக் கழற்றிவிட்டு ரத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டது படம். எந்த வடிவத்திலும் இந்தக் குறை தீரவில்லை.

வெலிங்டனில் ஸ்டாஃப் காலேஜும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையமும், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலையும் இருக்கிற மலை இது. பட்டாளத்தில் இருந்தவர்களோடு இந்தப் படத்தைப் பேசினால் அவர்கள் தோட்டத்துக்குப் போவதில்லை. ஆற்றில் அமெரிக்கப் படையின் கடைசிக் காவல்முனையாக வரும் டோ லுங் பாலத்தில்தான் நிற்பார்கள். இங்கே கமாண்டர் யார் என்று வில்லார்டு கேட்கிறார், நீங்கள் இல்லையா என்று ஒரு சிப்பாய் திருப்பிக் கேட்கிறான். ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் அதைவிடப் பயங்கரமான காட்சி படத்தில் இல்லை என்றார். அவர் சொல்வது சரி. ஆனால் அந்தப் பாலத்துக்குச் சற்று மேலேதான் தோட்டம். கட்டளையிட ஆளில்லாத படை ஒரு பக்கம், போகச் சொல்ல ஆளில்லாத துரை மறுபக்கம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பதற்காகவே நீண்ட வடிவம் தேவை.

2019-ல், படத்தின் 40-ஆம் ஆண்டில், கொப்பலா மறுபடி உட்கார்ந்து 183 நிமிடத்தில் ‘ஃபைனல் கட்’ என்று மூன்றாவது வடிவத்தைக் கொடுத்தார். தோட்டம் அதில் இருக்கிறது. பத்திரிகை அழகிகளின் இரண்டாம் காட்சி போய்விட்டது, அது நல்லது. டைம் இதழ்க் காட்சியும் போய்விட்டது. அதுதான் எனக்கு ஆறவில்லை. சுற்றிலும் குழந்தைகள் உட்கார்ந்திருக்க, நல்ல வெளிச்சத்தில், போர் நமக்குச் சாதகமாகப் போகிறது என்று நாட்டில் அச்சாகும் செய்தியைக் கர்ட்ஸ் நிதானமாகப் படித்துக்காட்டுகிறார். இருட்டில் முனகும் கர்ட்ஸைப் பைத்தியம் என்று தள்ளிவிடலாம். இந்தக் கர்ட்ஸை அப்படித் தள்ள முடியாது, அவர் கையில் அச்சடித்த ஆதாரம் இருக்கிறது.

முதல் முறை பார்ப்பவர்கள் 1979 வடிவத்திலிருந்து தொடங்குவதுதான் சரி, அதன் வேகம் மற்ற இரண்டிலும் இல்லை. அடுத்தது ‘ஃபைனல் கட்’. அதற்குப் பிறகும் படம் விடாமல் துரத்தினால், டைம் இதழ்க் காட்சிக்காக ‘ரீடக்ஸ்’. போனில் வேண்டாம். ஹெலிகாப்டர் சத்தம் தலைக்குப் பின்னாலிருந்து கிளம்பி முன்னால் வரும்படி ஐந்து திசையில் பிரித்துச் செய்த ஒலி அது. சுமாரான ஹெட்போன் இருந்தாலும் போதும். மூடுபனிக்குள் பிரெஞ்சுக் குரல் கேட்கும் இடத்தில் டீ போட எழுந்து போகாமல் இருங்கள்.